‘வேண்டும்’ என்று சட்டம் சொன்ன பிறகும்: லண்டனிலிருந்து கடலூர் வரை

சிதம்பரத்தில் கல்லூரி மாணவர்களுடன் நாங்கள் நடத்திய சட்ட வாசிப்பு வகுப்பொன்றில் ஒரு மாணவி எழுந்து கேட்டார்: “தோழர், இங்கிலாந்தில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் போட்டுவிட்டார்களே, அதன் பிறகு அங்கே என்ன ஆயிற்று?” நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது உண்மை. ஆனால் அச்சட்டம் கட்டளையிட்ட தடை வரவில்லை. இயற்றிய சட்டத்துக்கும் வராத தடைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கேள்வி கேட்பதுதான் பொதுச்சட்டம் என்னும் துறையின் வேலை. அன்று அரை மணி நேரத்தில் சொல்ல முடியாமற்போனதை இங்கே விரிவாக எழுதுகிறோம். பிரிட்டனின் கதையாகத் தொடங்குவது கடலூர் மாவட்டத்தில்தான் வந்து முடியும்.

‘சேர்க்கலாம்’ என்பது ‘சேர்க்க வேண்டும்’ ஆன கதை

பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வேலைவாய்ப்பு, கல்வி, வீட்டுவசதி, சேவைகள் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய மூன்றுக்கும் அது பொருந்தும்; வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. அதன் 9ஆம் பிரிவு ‘இனம்’ என்பதற்கு நிறம், தேசியம், இனமூலம் அல்லது தேசியமூலம் என்று விளக்கம் தருகிறது. சாதி அந்தப் பட்டியலில் இல்லை. மாறாக, 9(5) என்ற உட்பிரிவு, அமைச்சர் விரும்பினால் ஓர் ஆணையின் மூலம் சாதியையும் இனத்தின் ஒரு கூறாகச் சேர்க்கலாம் என்று சொன்னது. அதே 2010இல், அரசே கேட்டுப் பெற்ற ஓர் ஆய்வு, பிரிட்டனில் சாதிப் பாகுபாடும் தொல்லையும் நிகழ்வதற்குச் சான்றுகள் உள்ளன என்று அறிக்கை அளித்தது. அப்போதும் அமைச்சர் அசையவில்லை.

2013இல் பிரபுக்கள் அவை இதைக் கையிலெடுத்தது. மக்களவை முதலில் மறுத்தது. பிரபுக்கள் அவை விடாப்பிடியாக நின்றது. இறுதியில் அரசு இறங்கி வந்தது. 2013 ஏப்ரலில் நிறைவேறிய தொழில்முனைவு, ஒழுங்குமுறைச் சீர்திருத்தச் சட்டத்தின் 97ஆம் பிரிவு, 9(5)இல் இருந்த ‘லாம்’ என்ற விகுதியை எடுத்துவிட்டு ‘வேண்டும்’ என்று மாற்றியது. அமைச்சர் சாதியைச் சேர்த்தே ஆக வேண்டும். மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத, பரம்பரைப் பிரபுக்களும் ஆயர்களும் அன்று அமர்ந்திருந்த ஓர் அவை, தேர்ந்தெடுக்கப்பட்ட அவையைவிடச் சாதி ஒழிப்பில் முன்னே நின்றது நமக்குச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சட்டம் கட்டளையிட்டது. அரசு கலந்தாய்வு நடத்தியது. 2017இல் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. 2018 ஜூலையில் முடிவை அறிவித்தது: சாதியைச் சேர்க்கப் போவதில்லை, தகுந்த வாய்ப்பு வரும்போது 9(5) விதிக்கும் கடமையையே நீக்கிவிடுவோம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இப்போதுள்ள வழக்குச் சட்டமே போதும். நாடாளுமன்றம் ‘வேண்டும்’ என்றதற்கு ஐந்தாண்டு கழித்து நிர்வாகம் ‘வேண்டாம்’ என்று விடை சொன்னது.

அரசு நம்பச் சொன்ன வழக்குச் சட்டம் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு தீர்ப்புதான். பீகாரைச் சேர்ந்த ஆதிவாசிப் பெண்ணொருவர் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் ஓர் இந்தியக் குடும்பத்தில் நான்கரை ஆண்டுகள் வீட்டு வேலை செய்தார். அவருக்குக் கிடைத்த கூலி மணிக்கு 11 பென்ஸ் என்ற அளவில்தான் இருந்தது. தரையில் மெத்தை போட்டு உறங்க வைத்தார்கள். தம் சாதியின் காரணமாகவே இப்படி நடத்தப்பட்டதாக அவர் சொன்னபோது, சாதி சட்டத்தில் இல்லை, ஆகவே அந்தக் கோரிக்கையைத் தொடக்கத்திலேயே தள்ள வேண்டும் என்று முதலாளிகள் வாதிட்டனர். 2014 டிசம்பரில், சந்தோக் எதிர் திர்கி வழக்கில், வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. பிறப்பால், வம்சாவளியால் வரும் சாதி அடையாளம் ‘இனமூலம்’ என்ற சொல்லுக்குள் அடங்கக்கூடும் என்றது. 2015இல் கீழ்த் தீர்ப்பாயம் குறைந்தபட்சக் கூலி நிலுவையாக 1,83,773 பவுண்டு வழங்க ஆணையிட்டது.

அந்தப் பெண்ணின் வெற்றி பெரிது. ஆனால் தீர்ப்பின் சொல்லைக் கவனியுங்கள்: அடங்கும் என்று அது அறுதியிடவில்லை, அடங்கக்கூடும் என்றுதான் சொன்னது. அடுத்து வழக்குத் தொடுக்கும் ஒவ்வொருவரும் தம் சாதி ஏன் ஓர் இனமூலம் ஆகும் என்பதை முதலிலிருந்து நிறுவ வேண்டும். மேல்நிலை நீதிமன்றமொன்று நாளை வேறு விதமாகவும் சொல்லலாம். இன்னொன்றும் உண்டு. 2013 ஜூலை முதல் பிரிட்டன் அரசு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயங்களில் கட்டணம் விதித்திருந்தது; பாகுபாட்டு வழக்கொன்றை விசாரணை வரை கொண்டுசெல்ல 1,200 பவுண்டு தேவைப்பட்டது. தீர்ப்பாயங்களுக்கு வரும் வழக்குகள் பெருமளவு சரிந்தன. 2017 ஜூலையில் யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டண ஆணையைச் சட்டவிரோதம் என்று நீக்கியது. மணிக்கு 11 பென்ஸ் கூலி வாங்கியவரை 1,200 பவுண்டு கட்டச் சொல்லிவிட்டு வழக்குச் சட்டமே போதும் என்பது எத்தகைய நியாயம் என்று நாம் கேட்கலாம்.

நீதிமன்றம் எதைக் கேட்கும், எதைக் கேட்காது

இந்திய மாணவர்கள் இங்கே உடனே கேட்பது: உச்ச நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சட்டத்தை அரசமைப்புக்கு முரண் என்று சொல்ல முடியாதா? பிரிட்டனில் முடியாது. ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசமைப்பு அங்கு இல்லை. நாடாளுமன்றமே உச்ச அதிகாரம் கொண்டது. 1998ஆம் ஆண்டு மனித உரிமைகள் சட்டத்தின் கீழ் ஒரு சட்டம் மனித உரிமைகளோடு ஒத்துப்போகவில்லை என்று நீதிமன்றம் அறிவிக்கலாம். அந்த அறிவிப்பால் சட்டம் செத்துவிடாது. நம் அரசமைப்பின் 13ஆம் உறுப்புக்கோ, தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்புக்கோ இணையான ஒன்று அங்கில்லை.

ஆனால் நிர்வாகத்தின் செயலை நீதிமன்றம் ஆராயலாம். நீதிமுறை ஆய்வு என்பது அதன் பெயர். முடிவு வந்தவுடன் விரைவாகவும், எப்படியும் மூன்று மாதத்துக்குள்ளும் வழக்குத் தொடுக்க வேண்டும். முதலில் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். நாடாளுமன்றம் இயற்றியதை அமைச்சர் கிடப்பில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே ஒரு முன்மாதிரி வழக்கு இருக்கிறது. குற்றங்களால் காயமுற்றவர்களுக்கு இழப்பீடு வழங்கும் திட்டமொன்றை 1988இல் நாடாளுமன்றம் சட்டமாக்கியது. நடைமுறைக்கு வரும் நாளை உள்துறை அமைச்சர் குறிக்கலாம் என்று விட்டது. அமைச்சர் நாளே குறிக்கவில்லை. சட்டப் பிரிவுகளை அமலாக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, மலிவான வேறொரு திட்டத்தைத் தம் சொந்த அதிகாரத்தில் கொண்டுவந்தார். தீயணைப்புத் தொழிலாளர் சங்கம் முதலியவை வழக்காடின. 1995 ஏப்ரலில் பிரபுக்கள் அவையின் நீதிபதிகள், மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், அமைச்சர் செய்தது அதிகாரத் துஷ்பிரயோகம் என்றனர். இந்த நாளில் அமலாக்கு என்று அவர்கள் ஆணையிடவில்லை. ஆனால் நாடாளுமன்றம் திறந்து வைத்த கதவை அமைச்சர் தம் கையால் சாத்த முடியாது என்பது நிலைநாட்டப்பட்டது. அங்கே சட்டம் அமைச்சருக்கு நாள் குறிக்கும் விருப்புரிமை கொடுத்திருந்தது. 9(5)இலோ ‘வேண்டும்’ என்றே இருக்கிறது.

இந்தியாவில் இதே கேள்வி 1981இல் ஏ.கே. ராய் வழக்கில் எழுந்தது. 44ஆவது அரசமைப்புத் திருத்தம், தடுப்புக் காவலில் வைக்கப்படுவோருக்குக் கூடுதல் பாதுகாப்புத் தரும் பிரிவொன்றை 1978இல் இயற்றியிருந்தது. அதை அமலாக்கும் நாளை மட்டும் மத்திய அரசு அறிவிக்கவில்லை. அமலாக்கு என்று ஆணையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தடுப்புக் காவல் சட்டங்களில் அடிபடுவோர் யார் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1988இல் வேறொரு வழக்கில் நீதிமன்றம் கொஞ்சம் முன்னேறி, அமலாக்குவதா இல்லையா என்று அரசு பரிசீலிக்கவாவது வேண்டும் எனக் கட்டளையிட்டது. அது வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவைப் பற்றியது. அப்பிரிவு நடைமுறைக்கு வந்தது 2011இல்.

மன்னரின் பேராணை கடலூருக்கு வராத காலம்

கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை, ஆவணக் கேட்பு நீதிப்பேராணை என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தவை அனைத்தும் இங்கிலாந்து மன்னரின் பெயரில் பிறந்த ஆணைகள். கிழக்கிந்தியக் கம்பெனி அவற்றை இங்கே கொண்டுவந்தது, யாருக்காக என்பதுதான் கேள்வி. 1801இல் சென்னையில் உச்ச நீதிமன்றம் அமைந்தது. 1862இல் அதன் இடத்தில் உயர் நீதிமன்றம் வந்தது. இந்தப் பேராணை அதிகாரம் சென்னை நகர எல்லையோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆட்கொணர்வுக்கு மட்டும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தனி வழி பின்னர் திறந்தது.

1943இல் பிரிவி கவுன்சில் தீர்த்த பர்லாகிமெடி வழக்கு இதைத் தெளிவாக்கியது. கஞ்சம் பகுதியின் ஜமீன் ஒன்றின் குடியானவர்கள், தங்கள் நிலவரி குறித்த வருவாய் வாரியத்தின் ஆணையை ரத்து செய்யக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். வாரியம் சென்னை நகருக்குள்தானே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அலுவலகம் நகரில் இருப்பதால் மட்டும் அதிகாரம் வந்துவிடாது, நிலமும் மக்களும் நகருக்கு வெளியே இருக்கிறார்கள் என்று லண்டனில் தீர்ப்பாயிற்று. இந்த விதியைத் தென்னார்க்காட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டை, 1746 முதல் 1752 வரை இந்தக் கடற்கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாகவே இருந்தது. வரி வாங்கவும் ஆளவும் கடலூருக்கு வந்த அரசின் கை, நீதிப்பேராணையோடு மட்டும் வரவில்லை. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி நம் பிள்ளைகளைப் படிக்க வைத்த காலம் முழுவதும், அரசு அதிகாரி ஒருவரைக் கடமையைச் செய் என்று கட்டளையிடும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கும் உரிமை இம்மாவட்டத்து மக்கள் எவருக்கும் இல்லை.

அந்த எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிந்தது 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த 226ஆம் உறுப்பு. லண்டன் பொருளியல் பள்ளியில் படித்து, கிரேஸ் இன்னில் பாரிஸ்டரான அண்ணல் அம்பேத்கருக்கு இங்கிலாந்தின் பேராணைகள் எவ்வளவு வலிமையானவை என்பதும், அவை நாடாளுமன்றத்தின் தயவில் நிற்பவை என்பதும் தெரியும். அவர் தலைமையில் உருவான வரைவு, 32, 226 ஆகிய உறுப்புகளாக அவற்றை அரசமைப்புக்குள்ளேயே பதித்தது. சாதாரணச் சட்டத்தால் அவற்றைப் பறிக்க முடியாது.

ஆனால் திறந்த வாசலில் முதலில் நுழைந்தவர்கள் நாம் அல்லர். 226 வந்து ஆறே மாதத்தில், 1950 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் அதன் மூலமாகவே வகுப்புவாரி அரசாணையைச் செல்லாது என்றது. செண்பகம் துரைராஜன் வழக்கு அது. அதற்கு விடையாகவே 1951இல் முதல் திருத்தமும் 15(4)உம் வந்தன. அதே 1951இல், சிதம்பரம் நடராசர் கோயிலில் நிர்வாக அதிகாரியை அமர்த்த அரசு வெளியிட்ட அறிவிக்கையை எதிர்த்துப் பொது தீட்சிதர்கள் அதே வாசலில் நின்றனர். டிசம்பர் 13 அன்று வெற்றியும் பெற்றனர்: அவர்கள் ஒரு சமய உட்பிரிவினர், 26ஆம் உறுப்பின் பாதுகாப்பு அவர்களுக்கு உண்டு என்று தீர்ப்பானது. அரசு மேல்முறையீடு செய்தது. பிறகு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் 1954இல் அந்த மேல்முறையீடும் முடிந்துபோனது. அறுபதாண்டு கழித்து, 2009இல் கோயில் அரசின் கைக்கு வந்த பிறகு, 2014 ஜனவரி 6இல் உச்ச நீதிமன்றம் அந்த 1951 தீர்ப்பையே முதன்மையான ஆதாரமாகக் கொண்டு கோயிலைத் தீட்சிதர்களிடம் திருப்பியது. நிர்வாகச் சீர்கேட்டைக் களைய அரசு தலையிடலாம், ஆனால் காலவரையின்றிக் கையில் வைத்திருக்க முடியாது என்றும் சொன்னது. 1954இல் அரசு பாதியில் விட்ட ஒரு வழக்கின் விலை இது.

நிர்வாகம் யாருடையது என்பது ஒரு கேள்வி. உள்ளே யார் எதுவரை போகலாம் என்பது வேறு கேள்வி. 17ஆம் உறுப்பு தனியாருக்கும் பொருந்தும். 25(2)(ஆ) பொதுத்தன்மை கொண்ட இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2022 பிப்ரவரியில், கனகசபையில் ஏறி வழிபடத் தடுக்கப்பட்டதாக ஒரு தலித் பெண் தந்த புகாரின் மேல் தீட்சிதர்கள் பலர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அவ்வாண்டு மே மாதம் கனகசபையில் பக்தர்கள் ஏறி வழிபட அனுமதித்து அரசாணை வந்தது. 2014 தீர்ப்பைக் காட்டி இந்த இரண்டாவது கேள்வியையும் மூடிவிட முயல்வோரிடம் நம் மாணவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டும்.

நமது ‘வேண்டும்’கள்

பிரிட்டனைக் குறை சொல்லும் முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். அரசமைப்பின் 35ஆம் உறுப்பு, தீண்டாமைக் குற்றத்துக்குத் தண்டனை வகுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயன்ற விரைவில் இயற்ற வேண்டும் என்றது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது 1955இல், ஐந்தாண்டு கழித்து. அது பல்லில்லாத சட்டம் என்பதை நாட்டுக்குச் சொன்னவர் காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து எழுந்த இளையபெருமாள். அவர் தலைமையிலான குழு 1969இல் அறிக்கை அளித்தது; அதன் விளைவாக 1976இல் சட்டம் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரியில் அமலானது. அதற்கான விதிகள் 1995இல்தான் வந்தன. அங்கும் ஐந்தாண்டு, இங்கும் ஐந்தாண்டு.

அந்த 1995 விதிகளில்தான் நம் கைக்கு எட்டும் ‘வேண்டும்’கள் நிறைந்திருக்கின்றன. 16ஆம் விதியின்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கூட வேண்டும். 17ஆம் விதியின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். 7ஆம் விதி, துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய்வு செய்ய வேண்டும் என்கிறது. 12ஆம் விதி நிவாரணம் வழங்கும் கடமையை மாவட்ட நிர்வாகத்தின் மேல் சுமத்துகிறது. இவற்றில் எதுவும் அதிகாரியின் கருணைக்கு விடப்பட்டதன்று.

கடமை தவறினால் என்ன நேரும் என்பதற்கு இம்மாவட்டத்தைவிட வேறு சான்று வேண்டியதில்லை. விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் நடந்த கண்ணகி–முருகேசன் ஆணவக் கொலையில் உள்ளூர்க் காவல்துறை நடந்துகொண்ட விதம் வெட்கக்கேடானது. 2004இல் உயர் நீதிமன்ற ஆணையின் பேரிலேயே வழக்கு மத்தியப் புலனாய்வுப் பிரிவுக்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் பதின்மூன்று பேரைத் தண்டித்தது. அவர்களில் இருவர் அன்றைய காவல் அதிகாரிகள். 2025 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு ஓய்ந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடியிருந்தன. புவனகிரி அருகே தெற்குத்திட்டை ஊராட்சியில், தனித்தொகுதியில் வென்ற தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியான பிறகே நிர்வாகம் விழித்தது. ஊராட்சிப் பொறுப்பிலுள்ள பட்டியல் சாதியினர் தம் பணியைச் செய்யவிடாமல் தடுப்பதைத் தனிக் குற்றமாக்கும் 3(1)(எம்) பிரிவு 2016 ஜனவரி முதலே நடைமுறையில் இருந்தது.

கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் நிர்வாக விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் குற்றச்சாட்டுப் பதியலாம் என்று அதற்குள்ளேயே ஒரு பூட்டும் இருக்கிறது. அதிகாரியை அதிகாரியே விசாரிக்கும் ஏற்பாடு. ஆகவே நடைமுறையில் நாங்கள் பெரிதும் நம்புவது கட்டளையுறுத்தும் நீதிப்பேராணையைத்தான்.

அதற்கு நீதிமன்றம் எதிர்பார்ப்பவை இரண்டு. அதிகாரிக்குச் சட்டம் விதித்த கடமை இருக்க வேண்டும். அதைச் செய்யும்படி நீங்கள் எழுத்தில் கேட்டு, அவர் மறுத்திருக்க வேண்டும் அல்லது பேசாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டாவதில்தான் நம் வழக்குகள் பல தடுக்கி விழுகின்றன. ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் சொன்னோம், திங்கட்கிழமை மனு கொடுத்தோம் என்பார்கள். கையில் நகல் இருக்காது. மாவட்டக் குழு கடந்த இரண்டாண்டில் எந்தெந்த நாளில் கூடியது, கூட்டக் குறிப்பு எங்கே என்று முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். கூடவில்லை என்று பதில் வந்தால் அதுவே சான்று. பிறகு 17ஆம் விதியைக் குறிப்பிட்டு ஆட்சியருக்கு மனு அனுப்புங்கள். பிரிட்டனைப் போல மூன்று மாதக் கெடு நமக்கு இல்லை. ஆயினும் காரணமற்ற தாமதத்தை நீதிமன்றம் பொறுப்பதில்லை.

கடலூரும் சிதம்பரமும் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருவன அல்ல. ரிட் மனுவைச் சென்னையிலுள்ள முதன்மை அமர்வில்தான் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியை அளிக்கிறது. உயர் நீதிமன்றத்திலேயே இதற்கெனச் சட்டப் பணிகள் குழு உள்ளது. மனுவின் நகல், அஞ்சல் ஒப்புகை அட்டை, தகவல் அறியும் உரிமைச் சட்டப் பதில் ஆகிய மூன்றையும் கொண்டு வாருங்கள். எங்கள் மேசையில் நாங்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.